பாம்பு நடமாடும் பருவங்கள்: வயல் வேலையில் கவனம் தேவை

சேலம், நாமக்கல் சமவெளியில் மழை தொடங்கிவிட்டால் வரப்பிலும் வாய்க்காலிலும் பாம்புகள் அதிகமாகத் தென்படும். பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. எலி, தவளை, ஈரம், நிழல் ஆகியவற்றைத் தேடி வருகிறது. எந்தப் பருவத்தில் அது எங்கே இருக்கும் என்பதை அறிந்து வேலை செய்தால் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கலாம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக, 2020-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவற்றில் ஏறத்தாழப் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்ந்தவை.

நான்கு நச்சுப் பாம்புகள்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம். சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி ஆகியவை நஞ்சற்றவை. சாரை என்பது நல்ல பாம்பின் ஆண் என்ற நம்பிக்கை தவறு. அது தனி இனம். எலிகளைத் தின்று உழவர்களுக்கு உதவுகிறது.

சித்திரை, வைகாசி

வெயில் தாங்காமல் பாம்புகள் மாலையிலும் இரவிலும் வெளிவரும். கிணற்றடி, மோட்டார் அறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய குளிர்ந்த இடங்களில் தங்கும். கோழிப் பண்ணையில் சிந்தும் தீவனத்துக்கு எலி வரும். எலியைத் தேடி நல்ல பாம்பும் சாரையும் வரும். மோட்டார் போடச் செல்பவர்கள் விளக்கு இல்லாமல் அறைக்குள் கை வைக்கக் கூடாது.

ஆனி முதல் ஐப்பசி வரை

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் காலம் இதுவே. மழைநீர் வளைகளில் புகுவதால் பாம்புகள் மேட்டு நிலத்துக்கும் வீட்டுக்கும் வருகின்றன. குட்டிகள் நடமாடுவதும் இப்போதுதான். கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை போடும். குட்டிக்கும் பிறந்த நாள் முதலே நஞ்சு உண்டு.

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை தண்ணீர் விடுவது வழக்கம். இரவில் மடை திருப்பும்போது டார்ச் விளக்கும் கம்பும் அவசியம். ஆடிப்பட்ட நிலக்கடலையில் களையெடுக்கும்போதும், பிடுங்கி வைத்த கொடியைக் கட்டும்போதும் முதலில் கம்பால் கிளறிவிட வேண்டும். கல்லும் முள்ளுமான மானாவாரிக் காடுகளில் சுருட்டை விரியன் இருக்கும். அளவில் சிறியதாதலால் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே ஐயுற வேண்டும். கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வது நல்ல பாதுகாப்பு.

கார்த்திகை முதல் மாசி வரை

குளிர்காலத்தில் பொதுவாகப் பாம்பு நடமாட்டம் குறையும். ஆனால் கண்ணாடி விரியன் இணை சேரும் காலம் இது. பகலில் வரப்பில் வெயில் காயும். நெல் அறுவடை, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குதல், சோளத்தட்டுப் போர் பிரித்தல் ஆகிய வேலைகளில் வெறுங்கையை உள்ளே விடுதல் ஆகாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது. வீட்டை ஒட்டி விறகும் தட்டும் அடுக்க வேண்டாம்.

கடித்துவிட்டால்

கயிறு கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை தீங்கு செய்யும். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கை, காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மந்திரிக்கச் சென்று வீணாகும் நேரம் உயிரைப் பறிக்கும். மேற்கண்ட நான்கு பாம்புகளின் நஞ்சையும் ஒரே மருந்து முறிக்கும். ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். வயலில் தென்பட்டால் சற்றே விலகி நின்று வழிவிடுவதே போதுமானது. எலியைத் தின்று விளைச்சலைக் காக்கும் அதனைக் கொல்வதால் உழவர்களுக்கு நட்டமே.