சாயநீரும் தெளிநீரும்

எம் மாவட்டத்து ஆரணியிலே பட்டு நெசவு சிறந்து விளங்குதலைத் திருவண்ணாமலையார் யாவரும் அறிவர். தறியில் ஏறுமுன் நூலானது சாயத்தொட்டியில் இறங்குகின்றது. சேலையின் நிறத்தை வியக்கும் நாம், தொட்டியில் எஞ்சிய நீர் எங்குச் சென்றது என்று வினவுவதில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

நம் முன்னோர் அவுரி, சாயவேர், மஞ்சள் முதலியவற்றால் ஆடைக்கு நிறமூட்டினர். 1856-ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில மாணவர், கொயினா மருந்தைச் செயற்கையாய் ஆக்கப் புகுந்து, அதற்கு மாறாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 18. (எனக்கு அவரினும் ஓர் ஆண்டு மிகுதி, யான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை!) அதுமுதல் செயற்கைச் சாயங்கள் பல்கின. அவை வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் எளிதில் மங்கா. ஆடையில் குணமாகிய இவ்வுறுதியே ஆற்றில் குற்றமாகின்றது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை எளிதிற் சிதைக்க மாட்டா.

பட்டு, தனக்குரிய சாயத்தை நன்கு பற்றிக்கொள்ளும். பருத்தியின் இயல்பு வேறு. நீரில் நனைந்த பருத்தியும், அதற்கு இந்நாளில் மிகுதியாய் இடப்பெறும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் உடையன; ஆதலின் ஒன்றையொன்று தள்ளும். அப்பகையைத் தணித்துச் சாயத்தை நூலிற் சேர்ப்பது உப்பு. அடர்ந்த நிறம் வேண்டின் லிட்டர் ஒன்றுக்கு 80 கிராம் வரையும் உப்பிடுவர். தன் பணி முடிந்தபின் அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை. சேராதொழிந்த சாயத்தோடு முழுதும் கழிவுநீரிற் போய்விடுகின்றது.

இதன் விளைவை நொய்யல் ஆறு கண்டது. பழந்தமிழ் கற்போர்க்கு அவ்வாறு புதியதன்று. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் அதன் கரையிலுள்ள கொடுமணலே என்பர் ஆய்வாளர். அவ்வாற்றின் மருங்கே திருப்பூர் பின்னலாடைத் தொழிலால் வளர்ந்தது. கீழ்ப்புறத்து உழவர்க்குப் பாசனம் அளிக்க 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. அந்தோ! அதில் தேங்கியது சாயக்கழிவே. கிணறுகள் உவர்த்தன; வயல்கள் பாழ்பட்டன. உழவர் வழக்காடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளிச்செல்லலாகாது என்ற நெறியை நிறைவேற்றாமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவர் முறையீடு நியாயமானதே. ஆயினும் அன்று வேலையிழந்த தொழிலாளரும் நம்மவரே அன்றோ?

இனிச் சாயத்தை நீக்கும் வழிகளைக் காண்போம். படிகாரமோ, சுண்ணாம்பும் இரும்பு உப்புமோ இட்டால் சாயம் திரண்டு வண்டலாய்ப் படியும். அவ்வண்டலைக் கொட்ட இடம் தேடல் வேண்டும். காற்றில்லாத தொட்டியில் சிலவகை நுண்ணுயிர்கள் சாயத்தின் பிணைப்பை அறுத்து நிறத்தைப் போக்கும். ஆனால் அப்போது தோன்றும் பொருள்களுட் சில நஞ்சாதலின், பின்னர்க் காற்றூட்டி அவற்றையும் சிதைத்தல் வேண்டும். ஓசோன் வாயு விரைவாய் நிறம் நீக்கும், செலவு மிகுதி. கரியும் சாயத்தைத் தன்பால் ஈர்க்கும்.

இக்கரியை விடுதியில் யானே சோதித்தேன். புதுத் துண்டு ஒன்றை உப்புநீரில் ஊறவைத்தேன். சிவந்த சாயம் கசிந்தது. அந்நீரிற் சிரட்டைக்கரித் தூளை இட்டுக் கலக்கி, ஓரிரவு வைத்து வடிகட்டினேன். நிறம் பெரும்பாலும் போயிற்று. கண்ட தோழர் "இது குடிநீரே" என்றனர். அதனைச் சட்டியில் வற்றக் காய்ச்சினேன். அடியில் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தது. மேற்கூறிய முறைகள் யாவும் இத்தகையனவே; நிறத்தை நீக்குமன்றி உப்பை நீக்கா. கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிரைக் கொல்லவும் கூடும்.

உப்பை நீக்குதற்கு, நீரை மிகுந்த அழுத்தத்தால் நுண்ணிய சவ்வின் வழியே செலுத்துவர். நன்னீர் மறுபுறம் செல்லும். அது மீண்டும் பட்டறைக்கே உதவும். எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பெடுப்பர். இதற்கு எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாய் வேண்டும். ஆதலின் சிறு பட்டறைகள் பல கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. தூய உப்பு மறுபடியும் சாயத்தொட்டிக்குச் செல்லும். பலவகை உப்புகள் கலந்து இறுதியில் எஞ்சும் கட்டியோ எதற்கும் பயன்படாது. மழைநீர் படாதபடி மூட்டைகளிற் கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைக்கவேண்டியுள்ளது.