மருந்துக்கு மடியாத புழு எங்கிருந்து வந்தது?

நுவரெலியாப் பகுதியிற் கோவா பயிரிடுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. "ஐயா, முன்பு ஒரு முறை தெளித்தாற் போதும், இப்பொழுது மூன்று முறை தெளித்தும் புழு சாகவில்லை. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது" என்பர். குறை உண்மையே, கூறும் காரணம் மட்டும் பிழையாகும். அப்பிழையினாற் பணமும் பயிரும் வீணாவதோடு, தெளிப்பவரின் உடல்நலமும் கெடுகின்றது. ஆதலால் உண்மைக் காரணத்தை அறிதல் நன்று.

கோவா இலையைத் துளைத்துத் தின்பது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு பாத்தியிலுள்ள புழுக்கள் யாவும் ஒன்றுபோலத் தோன்றினும் உள்ளமைப்பில் வேறுபாடுடையன. அவற்றுட் சில, பிறவியிலேயே நஞ்சைத் தாங்கும் இயல்பு பெற்றவை. மருந்து தெளித்தவுடன் மற்றவை மடிய, இவை எஞ்சுகின்றன. எஞ்சியவை அந்துக்களாகி இணைந்து முட்டையிடுகின்றன. அவ்வியல்பு குஞ்சுகளுக்கும் செல்கின்றது. சில வாரங்களில் எழும் அடுத்த தலைமுறையில் நஞ்சைத் தாங்குவன முன்னிலும் மிகுந்திருக்கும். எந்தப் புழுவும் பழகவில்லை. தாங்கும் புழுக்களை நாம் தெளித்த மருந்தே பொறுக்கி எடுத்துவிட்டது. சார்ல்சு டார்வின் 1859ஆம் ஆண்டில் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுவே.

இத்தேர்வு மூவகைப்படும். ஓர் ஓரத்திலுள்ள இயல்பையே வாழவைத்து, கூட்டம் முழுவதையும் அப்பக்கமாக நகர்த்துவது திசைத் தேர்வு. கோவாப் புழுவில் நிகழ்வது இது. இப்பூச்சி டீ.டீ.ரீ. மருந்தை எதிர்த்து நிற்பது யாவாத் தீவில் 1953இல் அறிவிக்கப்பட்டது. பற்றீரியத்திலிருந்து செய்யப்படும் பீ.ரீ. மருந்தையும் அது எதிர்ப்பது 1990இல் அவாய்த் தீவுகளிலிருந்து அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, நிலைப்படுத்தும் தேர்வு. மாட்டுக் கொட்டிலைப் பாருங்கள். மிகச் சிறிதாகப் பிறந்த கன்று குளிருக்கும் நோய்க்கும் தாங்காது. மிகப் பெரிய கன்றோ ஈனும்போது தனக்கும் தாய்ப்பசுவுக்கும் இடர் தரும். நடுத்தர எடையுள்ளனவே பெரும்பாலும் பிழைக்கின்றன. இதனால் கன்றின் எடை தலைமுறைதோறும் நடுவளவிலேயே நிற்கின்றது.

மூன்றாவது, பிரிக்கும் தேர்வு. இங்கு நடுத்தரமானவை அழிந்து இரு பக்கமும் வாழும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கரிய வண்ணத்துப்பூச்சியை மலைநாட்டின் தாழ்ந்த பகுதிகளிற் காணலாம். அதன் பெண்கள் மூன்று உருவின. ஓர் உரு ஆணைப் போன்றது. மற்றை இரண்டும், ஈசுரமூலி இனக் கொடிகளைத் தின்று நஞ்சேறிய வேறு இரு வண்ணத்துப்பூச்சிகளைப் போன்றவை. அந்நஞ்சை அறிந்த பறவைகள் ஒத்த உருவினையும் விட்டுவிடும். இரண்டுங்கெட்டான் சாயலுடையதற்கு அப்பாதுகாப்பு இல்லை.

எவ்வகைத் தேர்வுக்கும் வேறுபாடே மூலப்பொருள். 1869இல் இலங்கையில் தோன்றிய துரு நோய், மலைச்சரிவுகளை நிறைத்திருந்த கோப்பித் தோட்டங்களைச் சுமார் இருபது ஆண்டுகளில் அழித்தது. நோயைத் தாங்கும் செடிகள் அங்கு போதிய அளவில் இருக்கவில்லை. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளால் தேயிலை மலை முழுவதையும் நடுவோர் இதனை மறத்தலாகாது. பலவகைச் செடிகளைப் பகுதி பகுதியாக நடுதலே காப்பு.

இனிக் கோவா பயிரிடுவோர் செய்யவேண்டியவை:

1. புழு சாகவில்லையென்று மருந்தின் அளவைக் கூட்டாதீர். கூட்டினால், மிக வலிய புழுக்களே எஞ்சிப் பெருகும்.

2. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளியாதீர். பெயர் வேறாயினும் ஒரே வகுப்பைச் சேர்ந்த மருந்துகள் உள. வகுப்பை மாற்றுதலே மாற்றமாகும். போதனாசிரியரைக் கேட்டு வாங்குக.

3. நாட்குறித்துத் தெளியாமல், இலையைப் புரட்டிப் பார்த்துப் புழு மிகுந்தபோது மட்டும் தெளிக்குக. புழுவைக் கொல்லும் சிறு குளவிகளும் பிழைக்கும்.

4. கோவாவின்பின் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு அல்லது போஞ்சி பயிரிடுக. முள்ளங்கியும் நோக்கோலும் கோவாவின் குடும்பமே. அவற்றில் இப்புழு தொடர்ந்து வாழும்.

5. அறுவடை முடிந்ததும் கோவா அடிக்கட்டைகளைப் பிடுங்கி மண்ணிற் புதைக்குக.

ஒரு தோட்டக்காரர் மட்டும் இவற்றைச் செய்தாற் பயன் குறைவு. அந்து வேலியை அறியாது. அயலவர் யாவரும் கூடிச் செய்தால், இன்று கையிலுள்ள மருந்து நாளைக்கும் பயன்படும்.