காலநிலை மாற்றம்: மிம்பர்கள் பேச வேண்டிய மறுபாதி

2024 நவம்பர் பெருமழையில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அதில் கவிழ்ந்து உயிர்கள் பலியாகின. அல்லாஹ்வின் கத்ர் என்று பொறுமை கொண்டோம். அது ஈமானின் அம்சம். ஆனால் பேச்சு அத்தோடு முடிந்துவிடலாமா?

“சேர், மழை அல்லாஹ் தாறது. அதுக்கு நாம என்ன செய்யலாம்?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. மழை அவன் தருவதுதான். வளிமண்டலத்தில் புகையைச் சேர்த்தது மனிதன். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் பூமியின் சராசரி வெப்பநிலை 1 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு பாகைக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது கடுமையாகக் கொட்டுகிறது. ஒரு தனி வெள்ளத்துக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. கடும்மழைக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதி. தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதக் கரங்களின் சம்பாத்தியத்தோடு சூரா அர்ரூமின் 41ஆம் வசனம் இணைத்துப் பேசுகிறது.

முஸ்லிம் உலகம் இதில் மௌனமாக இருக்கவில்லை. பாரிஸ் மாநாட்டுக்கு முன்னர், 2015 ஆகஸ்டில் இஸ்தான்பூலில் கூடிய அறிஞர்கள் காலநிலை குறித்த இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டனர். செல்வந்த நாடுகளையும் எண்ணெய் வள நாடுகளையும் விளித்து, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புகை வெளியேற்றத்தை ஒழிக்குமாறு கோரினர். ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் ஒழுக்கத் தலைமைத்துவம். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் அதைச் செயலில் காட்டியது. கூரையில் 500க்கும் மேற்பட்ட சோலார் பெனல்கள், வுழூ நீரை மீளப் பயன்படுத்தும் வசதி. 2022இல் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தின் பசுமைக் கட்டடச் சான்றிதழும் கிடைத்தது.

“இலங்கை வெளியிடும் புகை மிகச் சொற்பம், நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்பது நியாயமான கேள்வியே. வளர்ந்த நாடுகளிடம் நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அமானிதம் பங்கு பார்த்துச் சுமப்பதல்ல. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைந்த நீரில், வுழூச் செய்தார்கள். நம் பள்ளிக் குழாய்களில் ஒருவர் எத்தனை லீற்றர் ஓடவிடுகிறார்?

அதைவிடக் கடினமானதும் ஒன்றுண்டு. ஊரின் மழைநீர் வடிந்தோடும் வாய்க்காலையும் பள்ளக்காணியையும் நிரப்புபவர் பள்ளிக்கு வாரி வழங்கும் தனவந்தராகவும் இருக்கலாம். அவரிடம் நிர்வாக சபை தனியாகச் சென்று பேச வேண்டும். கதீப் குத்பாவில் பெயர் சொல்லாமல் விளக்க வேண்டும். பருவமழைக்கு முன்னர் ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்கினால், ஊரே ஒரே நாளில் கேட்கும். இந்த வசதி வேறு எந்த மேடைக்கும் இல்லை.