முகாம் முடிந்த மறுநாள் என்ன செய்தீர்கள்?

நவம்பர் பிறந்தால் போதும். கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, கோயில் பக்கத்துக் கொட்டகை என்று எங்கே பார்த்தாலும் 'இலவச சர்க்கரை நோய் கண்டறியும் முகாம்' பேனர் தொங்கும். நீங்களும் போயிருப்பீர்கள். விரலில் சுருக்கென்று ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், நம்பர் எழுதிய ஒரு சின்னச் சீட்டு. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் தருகிற காபியையும் (சர்க்கரை போட்டதுதான்!) குடித்துவிட்டு வீடு வந்து சேர்வோம்.

அந்தச் சீட்டு இப்போது எங்கே இருக்கிறது? கொஞ்சம் தேடிப் பாருங்களேன். காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். இல்லாவிட்டால் சட்டையோடு சேர்ந்து சலவைக்கே போயிருக்கும்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட முகாம்களை வருஷக்கணக்கில் நடத்தியவன் நான். ஒரே நாளில் 300 பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்று போட்டோ எடுத்து மாட்டியவனும் நான்தான். அந்தப் பெருமையை எனக்குள் உடைத்தவர் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முகாமில் மைக்கைப் பிடித்து ஆவாரையின் அருமை பெருமைகளை அரை மணி நேரம் பேசினேன். வந்தவர்களுக்கெல்லாம் ஆவாரம்பூப் பொடி ஒரு பாக்கெட் இலவசம். அண்ணாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நாலு மாதம் கழித்து அவர் மனைவி என் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க சொன்ன பொடியைத்தான் ஒரு நாள் தவறாம குடிச்சாங்க. ஊசியை அன்னைக்கே நிறுத்திட்டாங்க. இப்போ கால்ல புண்ணு வச்சு, ரெண்டு விரலை எடுத்துட்டாங்கய்யா..."

அவர் தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். ஊசியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லையே! அரை மணி நேரப் பேச்சில் அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் மைக் என் கைக்கு வந்ததும் முதல் பேச்சே இதுதான்: "ஊசி போடுறவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க யாரும் என் பேச்சைக் கேட்டு எதையும் நிறுத்திடாதீங்க. சித்த மருந்து எடுத்துக்கிறதா இருந்தா உங்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, என்கிட்டயும் சொல்லுங்க." ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் மருந்து வாங்கி இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். மதுமேகத்துக்கு ஆவாரைக் குடிநீரை நான் இன்றும் தருகிறேன். நாடி பார்த்து, ரத்தப் பரிசோதனையும் பார்த்து, ஆளுக்குத் தக்கபடி தருகிறேன். மைக்கில் சொல்லித் தருகிற மருந்து அல்ல அது.

குழந்தைகள் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வகை சர்க்கரை நோய் வந்த பிள்ளையின் உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. எந்தக் கஷாயமும் அதற்கு ஈடாகாது. 1922-இல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன்னால் அந்தக் குழந்தைகள் பிழைக்க வழியே இருக்கவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கின் பிறந்த நாள்தான் நவம்பர் 14. 1991 முதல் அதை உலக சர்க்கரை நோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அன்றைக்குக் குழந்தைகள் தினமும்கூட! அன்று உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைக் கூட்டி ஒரு பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். 'ஊசி போடுகிற பிள்ளை வகுப்பு நடுவே பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டால் அதட்டாதீர்கள், அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்டால் அனுப்புங்கள்.' இவ்வளவு சொன்னால் போதும்.

சரி, முகாமுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம். முகாம் நடத்துவது முக்கியமாக இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான். வாசற்படியில் நிற்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் அல்லவா?

அதற்கு ரத்தம்கூட முதலில் வேண்டாம். தையல்காரர் வைத்திருக்கிற டேப் போதும்! சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது 35-க்குக் கீழே என்றால் பூஜ்யம், 50-க்குள் என்றால் 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, 90-ஐத் தொட்டால் 20. ஆண்களுக்கு இதுவே 90, 100. அப்பா அம்மாவில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உடம்பு வளைகிற வேலையும் இல்லை என்றால் 30. இரண்டில் ஒன்று இருந்தால் 20. கூட்டிப் பாருங்கள். 60-ஐத் தொட்டுவிட்டால் அவசியம் ரத்தம் பார்க்க வேண்டிய ஆள் நீங்கள். இதை எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ஒரே மாலையில் கற்றுக்கொண்டார்கள். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறார்கள்!

விரல் குத்திப் பார்க்கிற நம்பரும் முடிவான தீர்ப்பு இல்லை. லட்டு தின்ற கையைக் கழுவாமல் நீட்டினால் மீட்டர் ஏமாந்துவிடும். லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து 126, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, இவற்றைத் தொட்டால்தான் சர்க்கரை நோய் என்று சொல்வது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு தடவையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த லேபுக்கு யார் போகிறார்கள்? அங்கேதான் நம் முகாம்கள் கோட்டை விடுகின்றன.

அதனால் இப்போது முகாமில் 40 பேருக்கு மேல் பார்ப்பதில்லை. பேனர் கட்டிக் கொடுப்பவர்களுக்கு முகம் வாடத்தான் செய்கிறது. பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், தெரு, போன் நம்பர் எழுதிக்கொள்கிறோம். ஏழாம் நாள் ஒரு போன், ஒரு மாதத்தில் இன்னொரு போன். "லேபுக்குப் போனீங்களா அக்கா?" அவ்வளவுதான் கேள்வி. முதல் போனுக்கு "போகணும்ங்க" என்பார்கள். இரண்டாவது போனுக்கு வெட்கப்பட்டாவது போய்விடுவார்கள். நோய் உறுதியான பிறகு மாத்திரை வாங்கப் போக முடியாத வயசாளிகளைத் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் சேர்த்துவிடுகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீடு தேடி மாத்திரை வரும்.

முகாமே வேண்டாம், ஒரு தெருவே சேர்ந்து மாறிக்காட்டிய கதையும் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் ஆய்வு செய்தார்கள். ஒன்று தி.நகரில் ஏழை எளியவர்கள் வாழ்ந்த பாரதி நகர். இன்னொன்று திருமங்கலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் வாழ்ந்த ஆசியாட் காலனி. எங்கே நோய் அதிகம் என்று நினைக்கிறீர்கள்? நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில்தான், ஏறக்குறைய இருமடங்கு!

ஆய்வுக்காரர்கள் அந்தக் காலனி மக்களிடம் நடையின் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். மக்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போகவில்லை. தாங்களே பணம் போட்டு ஒரு பூங்காவை உருவாக்கிவிட்டார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாளைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். பூங்கா வந்த பிறகு சுமார் 59 பேர்! எத்தனை டாக்டர்கள் மைக்கில் கத்தினாலும் இது நடக்குமா? நடக்க இடம் இருந்தது, பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டார், எல்லாரும் போனார்கள். உங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிப் பேச்சு முடிந்ததும் இதையும் ஒரு பேச்சாக எடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். எங்கள் பக்கம் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "சீனியைத் தொடுறதே இல்ல ஐயா, கருப்பட்டிக் காபிதான்" என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டி எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான், தாயே!

இன்னொரு விஷயம் பக்தியோடு சம்பந்தப்பட்டது; யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பல வருஷம் சர்க்கரை இருந்தவர்களில் நிறையப் பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கிவிடும். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல் அடுப்பாகக் காய்கிறது. நாமெல்லாம் துள்ளித் துள்ளி ஓடுவோம். அவர் நிதானமாக நடப்பார், அவருக்குச் சுடாது! வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். திருவண்ணாமலை கிரிவலம் சுமார் 14 கிலோமீட்டர், அதையும் வெறுங்காலில் போகிறார்கள். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கனமான காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஆனால் தடுமாறி நடப்பவர், ஏற்கெனவே புண் இருப்பவர் கிரிவலத்தை விட்டுவிடுவதே நல்லது. எங்கள் ஊரில் ஒரு கோயில் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொன்னோம். கோடையில் பிரகாரத்தில் தேங்காய்நார் விரிப்பு போட்டு, அதில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள். இதுவும் சர்க்கரை நோய் விழிப்புணர்வுதான். பேனர் செலவைவிடக் குறைவு.

அண்ணாச்சி இப்போது நன்றாக இருக்கிறார். ஊசி போட்டுக்கொள்கிறார். விரல் போன காலுக்கென்று தைத்த செருப்பு போட்டிருக்கிறார். நான் எங்கே முகாம் போட்டாலும் கதவு ஓரமாக ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார். "செருப்பைக் கழட்டுங்க, உள்ளங்காலைக் காட்டுங்க" என்று அதிகாரம் வேறு! கூச்சப்படுகிறவர்களுக்கு முதலில் தன் காலைக் காட்டுவார். போன வருஷம் ஒரு பாட்டியின் குதிகாலில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று குத்தி நின்றதை அவர்தான் கண்டுபிடித்தார். பாட்டிக்குத் தெரியவே தெரியாது. அதோடுதான் முகாமுக்கு நடந்து வந்திருக்கிறார்.