பதிவேட்டில் அடங்காத அலெக்சாந்திரியா

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கோம் எல் ஷுகாஃபா என்ற இடத்தில், சுழல் படிக்கட்டில் இறங்கினால் ஒரு குடும்பத்துக்காகப் பாறையைக் குடைந்து செய்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறை இருக்கிறது. அங்கே காவல் நிற்பவர் அனுபிஸ், இறந்தவர்களைக் காக்கும் நரித்தலை எகிப்தியத் தெய்வம். அவர் அணிந்திருப்பதோ ரோமானியப் படைவீரனின் கவசம். வாசலின் இருபுறமும் பாம்புகள். அவற்றின் தலையில் எகிப்திய மன்னர்களின் இரட்டை மகுடம். அருகில் கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸின் கோல். மேலே கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் அரக்கி மெதூசாவின் முகம் பொறித்த கேடயம்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரு மனிதரைப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்தச் சிற்பங்களைப் பார்த்ததும் எனக்கு எழுந்த கேள்வி இது: இந்தக் குடும்பத்தை ரோமானிய அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்?

அலெக்சாந்தர் கி.மு. 331இல் நிறுவிய கிரேக்க நகரம் இது, கி.மு. 30இல் ரோமின் கைக்கு வந்தது. கிரேக்கர், எகிப்தியர், யூதர் என்று பலரும் வாழ்ந்தார்கள். நகர மக்களிடம் உரையாற்றிய கிரேக்கச் சொற்பொழிவாளர் தியோன் கிரிசோஸ்டம், கூட்டத்தில் இந்தியர்களும் இருப்பதைக் குறிப்பிடுகிறார். தென்னிந்தியத் துறைமுகமான முசிறியுடனான வணிகம் பற்றிய 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தத்தில், சரக்கு போய்ச்சேர வேண்டிய ஊர் அலெக்சாந்திரியாதான்.

இத்தனை பேரையும் தரம் பிரித்தது தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி. ரோமானியக் குடிகளுக்கும் அலெக்சாந்திரியாவின் கிரேக்கக் குடிகளுக்கும் அந்த வரி இல்லை. எகிப்திய ஆண்கள் கட்டியே ஆக வேண்டும். ஆகவே ஒருவர் யார் என்பது பண விஷயம். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் தொடங்கிய நிதித்துறை விதித்தொகுப்பின் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. இறந்துபோன தந்தையை ரோமானியர் என்று பதிவு செய்யும் எகிப்தியரின் சொத்தில் கால் பங்கைப் பறிக்கச் சொல்கிறது அதன் விதி ஒன்று. அப்படி எழுதிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் விதி வந்திருக்கும் என்பது என் அனுபவம் சொல்லும் பாடம்.

இந்தப் பிரிவினை ரத்தத்தையும் சிந்த வைத்தது. கி.பி. 38இல் எகிப்தின் ரோமானிய ஆளுநர் பிளாக்கஸ் அலெக்சாந்திரியாவின் யூதர்களை அந்நியர் என்று அறிவித்தார். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டார்கள். முறையிட ரோமுக்குப் போன யூதத் தூதுக்குழுவின் தலைவர் பிலோன், கிரேக்க மொழியில் எழுதிய யூதத் தத்துவஞானி. 41இல் பேரரசர் கிளாடியஸ் எழுதிய கடிதம் யூதர்களின் வழிபாட்டுரிமையைக் காத்தது. ஆனால் அவர்கள் பல தலைமுறையாக வாழ்ந்த நகரத்தை அவர்களுடையதல்ல என்றும் சொன்னது.

212இல் பேரரசர் காரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் கிட்டத்தட்ட அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தார். 215இல் அவரே, நாட்டுப்புற எகிப்தியர்களை அலெக்சாந்திரியாவை விட்டு வெளியேற்ற ஆணையிட்டார். பேச்சை வைத்தே அவர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்றது ஆணை.

பதிவேடு அரசின் தேவைக்கு எழுதப்படுவது. அந்தக் கல்லறையோ ஒரு குடும்பம் தன் பணத்தில், தன் விருப்பப்படி செதுக்கிக்கொண்டது. அவர்கள் யார் என்று கேட்டால், அவர்களே தேர்ந்தெடுத்த அந்தப் பதிலைத்தான் நான் முதல் சாட்சியமாக ஏற்பேன்.