நூறு பேர் ஆடும் களத்தின் நடுவர்

மேல்மலையனூரில் கோயிலுக்கு அருகே ஒரு திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் பி.ஜி.எம்.ஐ. என்னும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும் இளைஞன், எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட எராங்கல் என்னும் கற்பனைத் தீவில், வேறு தொண்ணூற்றொன்பது பேருடன் பாராசூட்டில் குதிக்கிறான். அவர்களில் ஒருவன் இம்பாலிலும் மற்றொருவன் இந்தூரிலும் இருக்கக்கூடும். இருவர் ஏறக்குறைய ஒரே க்ஷணத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டால், எவன் குண்டு முதலில் பட்டது என்று தீர்ப்புச் சொல்வது யார்? அவரவர் கைப்பேசியைக் கேட்டால் அது அவரவர் கட்சியைத்தான் பேசும். செயலியைத் திருத்திப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிற சாமர்த்தியசாலிகளுக்கும் குறைவில்லை. ஆகையால், இத்தகைய ஆட்டங்களிலெல்லாம், எவருடைய கையிலும் இல்லாத ஒரு பொது யந்திரம், அதாவது சர்வர், எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டு, வினாடிக்குப் பல தடவை எல்லோருடைய இருப்பையும் செய்கையையும் கணக்கிட்டு, நடந்தது இதுவே என்று அனைவருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

அந்த யந்திரம் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். மேல்மலையனூரிலிருந்து நேர்கோட்டில் சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், மும்பை 1,000, சிங்கப்பூர் 3,000. போய்த் திரும்ப ஒளிக்கு மட்டும் ஆகும் காலம் முறையே ஒன்றரை மில்லிவினாடிக்குள், 10 மில்லிவினாடி, 30 மில்லிவினாடி. கேபிள் எதுவும் நேர்கோட்டில் செல்வதில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் செய்தி சற்றுத் தயங்கி நிற்கும். எனவே வாஸ்தவத்தில் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் வளர்ந்துவிடுகிறது. வினாடிக்கு அறுபது முறை கணக்கிடும் சர்வருக்கு ஒரு சுற்று என்பது 17 மில்லிவினாடிக்கும் குறைவு என்பதை நினைத்தால், தூரத்திலிருப்பவன் எத்தனை சுற்றுகள் பின்தங்கி ஆடுகிறான் என்பது விளங்கும்.

இந்தத் தாமதத்தை மறைக்கும் உபாயங்கள் பழையவை. 1996-இல் ஜான் கார்மக், 'குவேக்வோர்ல்ட்' ஆட்டத்தில், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவனின் யந்திரமே அவன் நகர்வை முன்கூட்டி ஊகித்துத் திரையில் காட்டிவிடும்படி செய்தார். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளக்கி எழுதிய முறை இன்னும் விசித்திரமானது: சுட்டவனின் செய்தி வந்து சேர்ந்ததும், சர்வர் தன்னிடமுள்ள குறிப்புகளைக் கொண்டு காலத்தைச் சிறிது பின்னோக்கி ஓட்டி, அவன் விசையை அழுத்திய க்ஷணத்தில் எதிரி எங்கே நின்றிருந்தான் என்று பார்த்துத் தீர்ப்பளிக்கிறது. சுட்டவனுக்கு இது நியாயம். சுடப்பட்டவனோ, தான் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்ட பிறகு செத்துப்போனதாக அலறுகிறான். இருவர் சொல்வதும் மெய்யே என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சர்வரை ஆடுபவர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதைத் தவிர இதற்கு உண்மையான பரிகாரம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முன்பெல்லாம் அப்படிக் கொண்டுவர, ஊர் ஊராகக் கட்டிடம் பிடித்து, யந்திரம் வாங்கி, குளிரூட்டி வைத்து, ஆளும் அமர்த்த வேண்டியிருந்தது. மேகக் கணிமை என்கிற கிளவுட் வந்தபின் இவையெல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அஷூர் 2015-இல் சென்னை, மும்பை, புனே ஆகிய மூன்று நகரங்களில் நிலையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கும் 2022-இல் ஐதராபாத்துக்கும் வந்தது. அரசியலும் இதில் புகுந்தது. 2020 செப்டம்பரில் பி.ஜி.எம்.ஐ.யின் முன்வடிவமான பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, இந்தியரின் தரவுகள் எங்கே போகின்றன என்பதே கேள்வியாயிற்று. அந்த நவம்பரில், ஆட்டத்துக்கு உரிய கிராஃப்டன் நிறுவனம், அதை அஷூரில் நடத்த மைக்ரோசாஃப்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் ஆட்டம் திரும்பி வந்தது.

வாடகையின் சௌகரியத்தை மேல்மலையனூர்வாசிகளுக்கு விளக்கவே தேவையில்லை. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் ஜனங்களுக்காக, விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை முதலிய ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. பொழுது விடிந்ததும் அவை தத்தம் வழித்தடங்களுக்குத் திரும்பிவிடுகின்றன. அவ்வளவு பேருந்துகளையும் வாங்கி மாதம் முழுவதும் ஊரில் நிறுத்திவைக்க எவரும் எண்ணமாட்டார்கள். அமாவாசையைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும். ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தையோ யாரும் கணித்துச் சொல்ல முடியாது. 2016 ஜூலையில் போகிமான் கோ வெளியானபோது, மிக மோசமான நிலையில் ஐந்து மடங்குக் கூட்டம் வரலாம் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஐம்பது மடங்கு வந்து சேர்ந்தது. கூகுளின் கிளவுட் அதற்கு ஈடுகொடுத்தது. அப்படியும் தொடக்க நாட்களில் பலருக்கு ஆட்டத்துக்குள் நுழையவே முடியவில்லை.

வலைத்தளங்களுக்குக் கிளவுடைப் பயன்படுத்துவதைவிட ஆட்டங்களுக்குப் பயன்படுத்துவது கடினம். ஒரு வலைத்தளத்தின் சர்வர் நின்றுபோனால் பக்கத்துச் சர்வர் அந்தப் பணியை ஏற்றுக்கொள்ளும். பாதி மேட்ச் நடந்துகொண்டிருக்கும் சர்வரை நிறுத்தினால், நூறு பேருடைய உலகமும் அதன் நினைவகத்தோடு அழிந்துபோகும். கூட்டம் குறைந்துவிட்டதே என்று யந்திரத்தை உடனே திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கடைசி ஆட்டக்காரன் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். கூகுளும் யூபிசாஃப்டும் சேர்ந்து 2018-இல் பொதுவில் வெளியிட்ட 'அகோனஸ்' என்னும் மென்பொருளின் பிரதானமான வேலை இந்தக் காவலே: இந்த சர்வரில் ஆட்டம் நடக்கிறது, தொடாதே; இதில் முடிந்துவிட்டது, கலைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பது. ஆடுபவனின் பெயர், பரிசு, வாங்கிய உடுப்பு ஆகியவை மட்டும் கலையாத தனித் தரவுத்தளத்தில் பத்திரமாயிருக்கும்.

இத்தனை ஏற்பாடுகளும் செல்போன் கோபுரத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. அமாவாசை இரவில் ஊஞ்சலைப் படம் பிடித்து அனுப்பும் கைப்பேசிகளெல்லாம் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, திண்ணையில் அமர்ந்த இளைஞனின் திரை மூலையில் பச்சையாயிருந்த, தாமதத்தைக் காட்டும் பிங் எண் மஞ்சளாகிச் சிவப்பாகிறது. "சர்வர் லேக்குடா!" என்று அவன் சென்னையையும் மும்பையையும் திட்டுகிறான்; அங்கேயோ யந்திரங்கள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவனுக்கு வேண்டியது வீட்டு வாசல்வரை வரும் ஒரு கண்ணாடி இழை. 12,525 ஊராட்சிகளை இழையால் இணைக்கத் தமிழ்நாட்டில் நடந்துவரும் பணி, பி.ஜி.எம்.ஐ. ஆட்டக்காரர்களை உத்தேசித்து வகுக்கப்பட்டதன்று. என்றாலும் அதன் பயனை முதலில் கண்டுபிடிக்கப்போகிறவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.