கிடையின் வாயிலில் படுத்திருப்பவர்

(நல்லாயன் ஞாயிறு வானொலி மறையுரை)



பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு நமக்கு நல்லாயன் ஞாயிறு. நல்லாயனைப் புரிந்துகொள்ள நாம் பாலஸ்தீனம் வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களில் நெல் அறுவடை முடிந்ததும் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். செம்பழுப்பு நிறத்தில், கம்பளி இல்லாமல் நிற்கும் அந்த ஆடுகள் நம் வட்டாரத்துக்கே உரிய 'மெட்ராஸ் சிவப்பு' இனம்.

பகலெல்லாம் ஏரிக்கரையிலும் தரிசிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவருடைய வயலில் அடைத்து வைப்பதுதான் கிடை. ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகின்றன. அதற்கு நிலத்துக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். சில இரவுகள் கழித்துக் கிடை அடுத்த வயலுக்கு நகரும். ஆயரிடம் நிலம் இல்லை, நிலத்துக்காரரிடம் மந்தை இல்லை. ஒருவரால் மற்றவர் வாழ்கிறார்.

இது குடும்பத் தொழில். ஒருவர் மேய்க்கப் போனால் இன்னொருவர் பால்குடி மறவாத குட்டிகளைக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்துத் தங்கர் ஆயர்கள், மட்டக்குதிரைகளின் முதுகில் பாத்திரம் பண்டங்களையும் நடக்க முடியாத குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார்கள். பலவீனமான குட்டியை அவர்கள் வழியில் விட்டுவிட்டுப் போவதில்லை.

மந்தையோடு நாயும் உண்டு. மேலைநாடுகளில் நாய்கள் சீழ்க்கை ஒலி கேட்டு ஓடி, ஆடுகளை மடக்கிச் சேர்க்கும். நம் ஊரில் நாயின் வேலை பெரும்பாலும் காவல்தான். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் குரைத்து எழுப்பும். 'நாய்' என்று சொல்லி நாம் பிறரைத் திட்டுகிறோம். விவிலியமோ, வானதூதர் இரபேலோடு பயணம் போன தோபியாவுடன் அவருடைய நாயும் சென்றதை மறக்காமல் சொல்கிறது.

இப்போது யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்துக்கு வருவோம். இயேசு தம்மை ஆயன் என்கிறார், வாயில் என்றும் சொல்கிறார். ஒருவரே இரண்டுமாக இருப்பது எப்படி? கதவில்லாத பட்டியில் ஆயரே வாயிலுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வார். உள்ளே நுழைய நினைக்கும் ஓநாய் முதலில் அவரைத் தாண்டியாக வேண்டும். நம் ஆண்டவர் சிலுவையில் செய்தது இதுதான்.

2013 மார்ச் 28, பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அருள்பணியாளர்களிடம் ஆடுகளின் வாடை தங்கள் மீது வீசும் ஆயர்களாய் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த அழைப்பு அருள்பணியாளர்களுக்கு மட்டுமானதா? பெற்றோருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இல்லையா?

காலையில் கிடையைப் பிரிக்கும்போது ஆயர் ஆடுகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் அவருக்கு மனம் ஆறாது. நாம் எண்ணுகிறோமா? அன்பியக் கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறோம். வராதவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கடன் தாங்காமல் தறியை நிறுத்திய குடும்பம், கணவரை இழந்தபின் கோவிலுக்கு வரக் கூசும் சகோதரி, குடியில் விழுந்த மகனால் தலைகுனிந்த தந்தை. 'ஏன் வரவில்லை?' என்று குறையாகத்தான் பேசினோம். போய்ப் பார்க்கவில்லை. இந்தத் தவறு நம் எல்லாருடையதும்.

காஞ்சிப் பட்டில் கோர்வைக் கரை நெய்ய ஒருவர் மட்டும் போதாது. தறியின் பக்கத்தில் அமர்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அதை அறிந்த ஊர் நம்முடையது. எனவே இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும் ஒரே ஒரு வீட்டுக்காவது போகட்டும். அறிவுரை சொல்ல வேண்டாம். உட்கார்ந்து பேசுவோம், அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

நல்லாயனே, எங்களை நீர் ஒருவர் விடாமல் எண்ணுகிறீர். நாங்களும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்க்கும் மனத்தைத் தாரும். ஆமென்.